வட்டி இறங்கிவிட்டது; காசின் பெறுமதியும் இறங்கிவிட்டதா?

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். அப்பா விசுவமடுவில் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 63. பணிக்கொடையும் பழைய சேமிப்புமாக 30 இலட்சம் ரூபா நிலையான வைப்பில் கிடக்கிறது. 2023 தொடக்கத்தில் போட்டபோது 20 வீதத்துக்கு மேல் வட்டி வந்தது. இப்போது புதுப்பிக்கப் போனால் 8 வீதத்துக்குக் கிட்டத்தான் சொல்கிறார்கள். கனடாவில் இருக்கும் சித்தப்பா பரந்தனில் காணி வாங்கச் சொல்கிறார். அம்மா நகை என்கிறார். மச்சானோ மாதம் 5 வீதம் தருகிற இடம் ஒன்று தெரியும் என்கிறார். பத்து வருசம் கழித்து எது பெறுமதியோடு நிற்கும்?

8 வீதத்தைக் கண்டு பயந்து காசை வெளியே எடுக்கத் தேவையில்லை. விலைவாசியோடு வைத்துப் பார்த்தால் அது கெட்ட வட்டி அல்ல. 2021 இல் கிடைத்த 6 வீதத்தோடு ஒப்பிடவே முடியாத அளவு நல்லது. பயப்பட வேண்டியது வேறு இரண்டுக்கு. வருகிற வட்டி முழுவதையும் மாதாமாதம் எடுத்துச் சாப்பிடுவது ஒன்று. காசை யாரின் கையில் கொடுக்கிறோம் என்று பார்க்காமல் விடுவது மற்றது.

கணக்காகப் பார்ப்போம். 2021 செப்டெம்பரில் ஒருவர் 10 இலட்சத்தை 6 வீதத்துக்கு ஓராண்டு வைப்பில் போட்டார் என்று வையுங்கள். அந்த நாளில் அவ்வளவுதான் கிடைத்தது. இலங்கை மத்திய வங்கி 2020 நடுப்பகுதியில், மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டியை 4.5 வீதம் வரை இறக்கியிருந்தது. 2022 செப்டெம்பரில் அவர் கையில் 10 இலட்சத்து 60 ஆயிரம். ஆனால் அந்த மாதம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்திய ஆண்டை விட 69.8 வீதம் ஏறி நின்றது. 100 ரூபாச் சாமான் 170 ரூபா. அப்படிப் பிரித்தால் அவருடைய காசு பழைய விலையில் ஏறத்தாழ 6 இலட்சத்து 24 ஆயிரம்தான். வட்டியும் வாங்கி, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொலைந்துவிட்டது. வங்கிப் புத்தகத்தில் அது எங்கும் தெரியாது. அதில் காசு கூடித்தான் இருக்கும்.

அதே ஆள் அதே காசை 2022 செப்டெம்பரில் 22 வீதத்துக்குத் திரும்பப் போட்டிருந்தால்? அப்போது எத்தனை பேர் சிரித்தார்கள்: "விலை 70 வீதம் ஏறுது, நீ 22 வீத வட்டிக்குக் காசு போடுறியோ?" சிரித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. பணவீக்கம் என்று வானொலியில் சொல்லும் எண் கடந்த பன்னிரண்டு மாதத்துக்கானது. வங்கி தருவதாகச் சொல்லும் வட்டி வரப்போகும் பன்னிரண்டு மாதத்துக்கானது. அடுத்த ஓராண்டில், 2023 செப்டெம்பர் வரைக்கும், விலை ஏறியது வெறும் 1.3 வீதம். ஆகவே அந்த 22 வீதத்தில் 20 வீதத்துக்கு மேல் உண்மையான இலாபம். 69.8 ஐக் கேட்டுப் பயந்து ஓடியவர்கள் இந்த நாட்டில் அண்மைக் காலத்தில் கிடைத்த மிக நல்ல வட்டியைக் கைவிட்டார்கள். உங்கள் அப்பா தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, 2023 தொடக்கத்தில் போட்டதால் நல்ல பக்கத்தில் நின்றார்.

அந்த முதல் ஆளின் கதையை முடித்துவிடுகிறேன். வட்டியைத் தொடாமல், 22 க்குப் பிறகு 11, அதற்குப் பிறகு 8 என்று புதுப்பித்துக்கொண்டு வந்தால், 2025 செப்டெம்பரில் அவருக்கு 15 இலட்சத்து 50 ஆயிரம் இருக்கும். 2021 விலையில் அது ஏறத்தாழ 8 இலட்சத்து 90 ஆயிரம். வரியைக் கழிக்காமலே இவ்வளவுதான். ஒரே ஒரு கெட்ட ஆண்டு தின்றதை மூன்று நல்ல ஆண்டுகளாலும் முழுக்கத் திருப்பித் தர முடியவில்லை.

இடையில் ஒன்று. அந்தச் சுட்டெண் கொழும்பு வீடுகளின் செலவை வைத்துச் செய்வது. விசுவமடுவில் உங்கள் வீட்டுச் செலவு அப்படி இராது. உங்களுக்கு வீட்டு வாடகை இல்லை; ஆனால் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல், நீர்ப்பம்பிக்கு மண்ணெண்ணெய், வயலுக்கு யூரியா என்று போகும். 2021 தொடக்கத்தில் லீற்றர் 137 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் 2022 யூன் கடைசியில் 470 ரூபா. வயல் செய்கிற வீட்டின் பணவீக்கம் கொழும்பு எண்ணை விட மோசமாகவும் போகலாம், நெல்லுக்கு விலை கிடைக்கிற போகத்தில் அதை ஈடுசெய்யவும் செய்யலாம். நீங்களே வீட்டில் பத்துச் சாமானின் விலையைக் கொப்பியில் எழுதி வருசத்துக்கு ஒருதரம் ஒப்பிட்டுப் பாருங்கள். அதுதான் உங்கள் சுட்டெண்.

இனி வரப்போகும் ஆண்டுகளுக்கு விலை எவ்வளவு ஏறும்? 2024 செப்டெம்பரில் இருந்து 2025 யூலை வரை விலைவாசி முந்திய ஆண்டை விட இறங்கியே நின்றது. அதன்பிறகு மெல்ல ஏறத் தொடங்கியது. மத்திய வங்கியின் இலக்கு 5 வீதம். 2023 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், அரசாங்கத்தின் திறைசேரி உண்டியல்களை (அரசாங்கம் குறுங்காலக் கடன் வாங்கக் கொடுக்கிற பத்திரங்களை) மத்திய வங்கி நேரடியாக வாங்கிக் காசு அச்சடிப்பதைத் தடுக்கிறது. 2022 இல் நடந்தது திரும்ப வராது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். சட்டத்தைத் திருத்த ஒரு நாள் போதும். ஆனால் திட்டம் போட ஒரு எண் வேண்டும், அதற்கு 5 ஐ எடுங்கள்.

5 ஐ எடுத்தால் அப்பாவின் கணக்கு எப்படி வருகிறது பாருங்கள். 30 இலட்சத்துக்கு 8 வீதம் என்றால் ஆண்டுக்கு 2 இலட்சத்து 40 ஆயிரம், மாதம் 20,000. அவர் அந்த 20,000 ஐயும் எடுத்துச் செலவழிக்கிறார் என்று நினைக்கிறேன். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். "முதலைத் தொடவில்லை, வட்டியில்தான் சாப்பிடுறன்" என்று பெருமையாகவும் சொல்வார்கள். ஆனால் விலை 5 வீதம் ஏறுகிற ஆண்டில், முதல் தன் பெறுமதியைக் காக்க ஒன்றரை இலட்சம் அதோடு சேர வேண்டும். மிஞ்சுவது 90,000, மாதத்துக்கு 7,500. மற்ற 12,500 உண்மையில் முதலில் இருந்து எடுத்துச் சாப்பிடுவது. பத்து ஆண்டு இப்படியே போனால் புத்தகத்தில் அதே 30 இலட்சம் இருக்கும். அதால் இன்றைய விலையில் 18 இலட்சத்து 40 ஆயிரத்துக்குத்தான் சாமான் வாங்கலாம். விதை நெல்லைக் குத்திச் சோறாக்குவது போன்ற வேலை இது, அதுவும் கண்ணுக்குத் தெரியாமல்.

அதற்காக அப்பாவை மாதம் 7,500 இல் இருக்கச் சொல்லவில்லை. முதலைச் சாப்பிடுவது பாவமும் அல்ல. அது அவர் உழைத்த காசு, பிள்ளைகளுக்கு விட்டுப்போகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தெரிந்து சாப்பிடவேண்டும் என்பதுதான் என் கதை. வட்டி விலையேற்றத்தை விட 3 வீதம் கூடவே நின்றால், 20 ஆண்டில் முதலும் முடிகிற மாதிரி இன்றைய பெறுமதியில் மாதம் ஏறத்தாழ 16,800 ரூபா எடுக்கலாம், விலை ஏற ஏற எடுக்கிற தொகையையும் ஏற்றிக்கொண்டு. அதோடு ஓய்வூதியமும் வருகிறது. ஆனால் அது விலையோடு சேர்ந்து தானாக ஏறுவதில்லை என்பதால் அதை மட்டும் நம்பவும் முடியாது. மாதம் ஒரு 12,000, 13,000 எடுத்து மிச்சத்தை வைப்பிலேயே சேரவிட்டால், 83 வயதைத் தாண்டியும் கையில் ஏதோ இருக்கும். இந்தக் கணக்கை அப்பாவோடு இருந்து பேசுங்கள். காணியா நகையா என்று சண்டை பிடிப்பதை விட இதுதான் முக்கியம்.

வட்டியில் ஒரு பங்கு வரியாகவும் போகிறது. 2025 ஏப்ரலில் இருந்து வங்கி வட்டியில் 10 வீதம் பிடித்துக்கொண்டுதான் தரும். ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டவர் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். அப்பாவுக்கு இது ஆண்டுக்கு 24,000 ரூபா விசயம். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 10 இலட்சம் வரையான ஓராண்டு வைப்புக்கு 3 வீதம் கூடுதல் வட்டி தருவதாகவும் 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். வங்கிக்காரர் தாங்களாகச் சொல்லக் காத்திராமல் கேளுங்கள்.

மச்சானின் மாதம் 5 வீதத்துக்கு வருகிறேன். ஆண்டுக்கு 60 வீதம். அரசாங்கமே திறைசேரி உண்டியலுக்கு 8 வீதத்துக்குக் கிட்டக் கொடுத்துக் கடன் வாங்குகிற காலத்தில், 60 வீதம் கொடுத்துவிட்டு இலாபமும் பார்க்கிற வியாபாரம் என்ன? நேர்மையான வியாபாரமாக இருந்தால் வங்கியில் 12, 13 வீதத்துக்குக் கடன் எடுத்திருப்பார்கள். உங்கள் அப்பாவின் காசு அவர்களுக்கு ஏன்? பெரும்பாலும் பின்னால் வருகிறவரின் காசை முன்னால் வந்தவருக்கு வட்டியாகக் கொடுக்கிற வேலைதான். முதல் ஆறேழு மாதம் ஒழுங்காக வரும். அதை நம்பித்தான் சொந்தக்காரரையும் கூட்டிவருவார்கள். மச்சான் கள்ளன் அல்ல, அவருக்கும் வருகிறதாக்கும்.

உரிமம் உள்ள இடமும் விழும் என்பதையும் மறக்கவேண்டாம். த பினான்ஸ் கம்பெனியின் உரிமமும் ஈ.ரி.ஐ. பினான்ஸின் உரிமமும் 2020 இல் இரத்தாயின. வைப்பாளருக்கு வைப்புக் காப்புறுதியில் இருந்து அப்போது 6 இலட்சம் வரை கிடைத்தது. 2021 இல் அந்த எல்லையை 11 இலட்சமாக்கினார்கள். ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் என்று கணக்கு. ஆகவே கூடுதல் வட்டி தருகிற நிதிக் கம்பனியில் போட ஆசையென்றால் அந்த எல்லைக்குள் போடுங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் போட்ட காசுக்கும் சீட்டுக் காசுக்கும் இந்தக் காப்புறுதி இல்லை. சீட்டைப் பற்றி நான் கெட்டதாகச் சொல்ல மாட்டேன். தெரிந்த பத்துப் பேர் சேர்ந்து பிடிக்கிற சீட்டு நல்ல பழக்கம். ஆனால் அது சேர்க்கிற வழி, 30 இலட்சத்தைப் பத்து வருசம் வைத்திருக்கிற இடமில்லை.

வன்னியில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதும் இல்லை. போர்க்காலத்தில் புலிகள் நடத்திய தமிழீழ வைப்பகத்தில் காசு போட்டவர்களும் நகை அடகு வைத்தவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். சிலரிடம் வைப்புப் புத்தகமும் அடகுச் சிட்டையும் கூட இருக்கிறது. வட்டி எத்தனை வீதம் என்பதா 2009 இல் அவர்களுக்குப் பிரச்சினை? போரின் முடிவில் மீட்ட நகைகளில் ஒரு தொகுதியை இராணுவம் பொலிஸாரிடம் ஒப்படைத்ததே 2025 மே மாதம். பதினாறு வருசம். வைத்திருப்பவர் இல்லாமற்போனால் சுட்டெண்ணும் கணக்கும் ஒன்றுக்கும் உதவாது.

அம்மாவின் நகை யோசனையில் நியாயம் இருக்கிறது. இங்கே பவுண் விலை என்பது உலக விலையை டொலரின் பெறுமதியால் பெருக்கி வருவது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவுக்குக் கிட்ட இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ஆனது. நகை வைத்திருந்தவர் அன்றிரவே காப்பாற்றப்பட்டார். வைப்பில் போட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இதுதான் பவுணின் உண்மையான வேலை: ரூபா விழுகிற நாளுக்குக் காப்பு. ஆனால் அது எப்போதும் ஏறும் என்று நம்பி 30 இலட்சத்தையும் அதில் போடவேண்டாம். உலகச் சந்தையில் 1980 இல் அவுன்ஸ் 850 டொலரைத் தொட்ட தங்கம் இருபது ஆண்டு கழித்து 300 டொலருக்குக் கீழே கிடந்தது. 2011 இல் 1,900; 2015 கடைசியில் 1,050. 2025 இல் 4,000 ஐத் தாண்டியதைப் பார்த்துத்தான் இப்போது எல்லாரும் நகைக்கடைக்குப் போகிறார்கள். உச்சியில் வாங்குகிறவருக்கு இறக்கமும் சொந்தம். தங்கம் வட்டியும் தராது. வாங்கும்போது செய்கூலி, விற்கும்போது கழிவு என்று இரண்டு முறை வெட்டு விழும். 2009 முற்பகுதியில், போர் முடிகிற நேரம், முல்லைத்தீவுக் கடற்கரையில் அரிசிக்கும் பால்மாவுக்கும் பவுண் என்ன விலைக்குக் கைமாறியது என்று அங்கே நின்றவர்களிடம் கேளுங்கள். வாங்குகிற சந்தை இருந்தால்தான் பவுணுக்குப் பெறுமதி.

ஏற்கெனவே அம்மாவிடம் இருக்கும் நகை போதும் என்பது என் எண்ணம். காலபோகத்துக்கு விதைக்கக் காசில்லாத நேரம் அடகு வைத்து, அறுவடைக்குப் பிறகு மீட்கிற வேலைக்கு அது ஆகும். புதிதாக வாங்குவதானால் மூன்று இலட்சத்துக்கு மேல் போகவேண்டாம். ஆபரணமாக அல்லாமல் வேலைப்பாடு குறைந்ததாக வாங்குங்கள்.

காணி. இதில்தான் சித்தப்பாவோடு எனக்குக் கொஞ்சம் கோபம். ரொறன்ரோவில் இருந்து பார்க்கும்போது ஏ9 வீதியோரக் காணி எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும். வன்னியில் காணியின் பெறுமதி முதலில் அதன் பத்திரத்தில் இருக்கிறது, பிறகுதான் மண்ணில். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று குளத்தைச் சுற்றிய குடியேற்றக் காணிகள் பெரும்பாலும் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பொமிற் காணிகள், அதாவது அரசின் அனுமதிப்பத்திரக் காணிகள். அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் அதை நினைத்தபடி விற்க முடியாது. பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும், துண்டாடவும் கட்டுப்பாடு உண்டு. அளிப்புப் பத்திரம் கிடைத்த காணியிலும் நிபந்தனை இருக்கும். ஆனால் ஊரில் சத்தியக்கடதாசியிலும் அற்றோணித் தத்துவத்திலும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. அப்படி வாங்கியவர் காசு கொடுத்தவர் மட்டும்தான், காணிக்காரர் அல்ல. நாளைக்கு உரியவரின் பிள்ளை வெளிநாட்டில் இருந்து வந்து கேட்டால் என்ன செய்வீர்கள்? அதை வைத்து வங்கியில் கடனும் எடுக்க முடியாது.

பரந்தனில் சொந்த உறுதி உள்ள தனியார் காணி, தோம்பில் (காணிப் பதிவேட்டில்) சுத்தமாக, வீதியில் இருந்து பாதையோடு, நல்ல தண்ணியோடு கிடைத்தால் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2013 இல் கிளிநொச்சிக்கு ரயில் திரும்ப ஓடத் தொடங்கியதில் இருந்து அந்தப் பக்கத்துக் காணிக்குக் கேள்வி கூடித்தான் இருக்கிறது. ஆனால் 63 வயதுக்காரரின் மருந்துச் செலவுக்குக் காணியில் ஒரு மூலையை வெட்டி விற்க முடியாது. அவசரத்துக்கு விற்கப்போனால் வாங்குகிறவன் சொல்கிற விலைதான். வெறுங்காணியாக விட்டால் பற்றை வளரும், வேலி போகும், எல்லைக் கல்லும் நகரும். சித்தப்பா காணியை நம்பினால் தன் காசில் வாங்கட்டும். அவருக்குக் காத்திருக்க நேரமும் இருக்கிறது, டொலரும் இருக்கிறது. அப்பாவின் காசு அதற்கானதல்ல. உங்கள் சொந்தக் காணியிலே கிணறு ஆழமாக்குவது, தென்னை வைப்பது, சோலர் பம்பி போடுவது வேறு கதை. அது மாதச் செலவைக் குறைக்கும் அல்லது வருமானம் தரும்; விலை ஏறும்போது தேங்காய் விலையும் சேர்ந்து ஏறும்.

பங்குச் சந்தையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஒரு வரி மட்டும். 2022 யனவரியில் 13,000 ஐத் தாண்டிய கொழும்புப் பங்குச் சுட்டெண் சில மாதத்தில் ஏறத்தாழ பாதியாகி, 2025 இல் 20,000 ஐத் தாண்டியது. உங்களைப் போல இளம் வயதுக்காரர் சம்பளத்தில் மாதம் கொஞ்சம் போடலாம், அப்பா வேண்டாம்.

கடைசியாக நீங்கள் சொல்லாத ஒன்றைக் கேட்கவேண்டும். வீட்டில் யாருக்காவது கிழமைக் கடன், நுண்நிதிக் கடன், லீசிங் இருக்கிறதா? "24 வீதம் பிளட் ரேட்" (flat rate) என்று, அதாவது வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி போட்டு, கொடுக்கிற கடனைக் கணக்குப் பாருங்கள். ஒரு இலட்சம் வாங்கி 12 மாதத்தில் 1 இலட்சத்து 24 ஆயிரம் கட்டுகிறீர்கள். ஆனால் முதலாம் மாதமே முதலைத் திருப்பத் தொடங்குவதால் முழு இலட்சம் உங்கள் கையில் ஒரு மாதம்தான் இருந்தது. குறைந்துவரும் மீதியில் பார்த்தால் அது ஆண்டுக்கு 41 வீதத்துக்கு மேல். 2018 இல் அரசாங்கம் நுண்நிதி வட்டிக்கு 35 வீத உச்சவரம்பு கொண்டுவந்ததும் வறட்சி மாவட்டங்களில் பெண்களின் சிறு கடன்களைத் தள்ளுபடி செய்ததும் சும்மா அல்ல. ஒரு பக்கம் 8 வீதத்துக்கு வைப்பு, மறுபக்கம் 41 வீதத்துக்குக் கடன் என்று ஒரே வீட்டில் இருக்கிறதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி ஏதும் இருந்தால் வைப்பை உடைத்தாவது அதைக் கட்டுங்கள். காணியாலும் நகையாலும் 41 வீதம் தர முடியாது.

மற்றபடி 30 இலட்சத்தையும் ஒரே வைப்பாகப் புதுப்பிக்கவேண்டாம். மூன்றாகப் பிரித்து, ஒன்றை ஆறு மாதத்துக்கும் ஒன்றை ஓராண்டுக்கும் ஒன்றை இரண்டாண்டுக்கும் போடுங்கள். வட்டி ஏறினால் ஒரு பங்கு சீக்கிரம் கைக்கு வரும். இறங்கினால் ஒரு பங்காவது பழைய வீதத்தில் நிற்கும். அவசரம் வந்தால் மூன்றையும் உடைத்து வட்டியை இழக்கத் தேவையில்லை, வைப்பின் மேல் கடனும் எடுக்கலாம். முதிர்கிற நாளை விட்டுவிட்டால் வங்கி அன்றைய வீதத்தில் தானாகவே புதுப்பித்துவிடும். ஆகவே ஒரு கிழமைக்கு முன்னமே அப்பாவோடு போய், சுயபிரகடனப் படிவத்தையும் அப்பாவுக்குப் பிறகு காசு அம்மாவுக்குச் சேர அம்மாவின் பெயரில் பின்னுரித்தாளர் படிவத்தையும் ஒரேயடியாகக் கொடுத்துவிட்டு வாருங்கள்.